கோணல் எதில்?

தெருமுனையில் நகுமோ மாஸ்டர் வளைந்து திரும்பியதே இல்லை. மூலைவரை நேராகப் போவார், நிற்பார், குதிகாலில் சடக்கென்று திரும்புவார், மறுபடி நேர்கோடு. கையில் வெங்காயத்தாள் பை இருந்தாலும் அப்படித்தான். யோகோஹாமாவின் சீனத் தெருவுக்கு இது பழகிப்போன வேடிக்கை.

அவருடைய கராத்தே கூடத்தில் வாசலிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஒரு வெள்ளைக்கோடு. அதன்மேல் பாய்ந்து போய், இடுப்பிலிருந்து கிளம்பும் ஒரே குத்து. அறுபத்தெட்டு வயதுவரை அவர் வித்தை அவ்வளவுதான்.

மேல்மாடியில் குடியிருக்கும் என்னைக் கண்டால் விடமாட்டார். "ஏய் பட்டதாரி, ரெண்டு புள்ளிக்கு நடுவுல குறுக்குவழி எதுய்யா?"

"நேர்கோடு, மாஸ்டர்."

உடனே மனைவி பக்கம் திரும்புவார். "கேட்டியா? படிச்சவன் சொல்றான்!"

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் என்னுடையது. அதனால் அந்த விளிப்பு எனக்கும் பிடிக்கும்.

மாஸ்டரின் மனைவி பெயர் சூசின், நான் அக்கா என்பேன், சீனத்துக்காரர். கீழே ஆவியில் வேகும் பாவ் பன்னுக்குக் கடை வைத்திருக்கிறார். விடிந்ததும் பூங்காவில் ஒரு கிங்கோ மரத்தைச் சுற்றி, சேற்றில் நடப்பவர்போலப் பாதத்தை வழுக்கி வழுக்கி நடப்பார். அவர் ஊர்ச் சண்டைக்கலைக்கு அந்தச் சுற்றுதான் அரிச்சுவடி. முப்பது வருட நடையில் புல் தேய்ந்து, மரத்தைச் சுற்றி ஒரு மண்வளையம் விழுந்துவிட்டது.

"நீ சுத்தி முடிக்கிறதுக்குள்ள நான் அடிச்சிட்டு, வீட்டுக்குப் போயி, மிசோ சூப்பும் குடிச்சிருவேன்" என்று மாஸ்டர் அவரைச் சீண்டுவார்.

"யோவ் மாஸ்டர், வீட்டுக்கு வரணும்னா நீயும் சுத்தித்தானய்யா ஆகணும்!"

அக்டோபரில் மாஸ்டர் மூளையில் ரத்தம் கட்டி ஆறு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். திரும்பிய அன்றே வாசல் பக்கம் கோட்டின்மேல் ஏறி நின்றார். "ஒருத்தரும் பிடிக்கக் கூடாது." பார்வை எதிர்ச்சுவரில். நான்காவது அடியில் இடது கால் இழுத்தது. உடம்பு இடப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, கூடத்தையே ஒரு சுற்றுச் சுற்றியது. அவர் நின்றபோது முன்னால் இருந்தது சுவர் அல்ல, வாசல் செருப்பு அலமாரி. கிளம்பிய இடம்!

யாரோ நகர்த்திவிட்டதுபோல அவர் கோட்டையே பார்த்தார். "பட்டதாரி, கோடு... கோணலா இருக்கா?"

நான் குனிந்து அலமாரிச் செருப்புகளை அடுக்கத் தொடங்கினேன்.

பிறகு பன்னிரண்டு நாள் அவர் படுக்கையை விட்டு எழவில்லை. நடக்காவிட்டால் கால் முடங்கிப்போகும் என்று மருத்துவர் எச்சரித்தும், "நேரா நடக்க முடியாதவன் எதுக்கு நடக்கணும்?" என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேற்று அக்கா பாவ் தட்டை அவர் தலைமாட்டில் ணங்கென்று வைத்தார். "கோணலா நடக்குதுன்னா நான் நடக்குற இடத்துக்கு வாய்யா. அங்க கோடே கிடையாது."

இன்று விடிகாலை, ஊன்றுகோலோடு மாஸ்டர் பூங்காவுக்கு வந்தார். மரம் இடப்பக்கம் இருக்க, அக்கா நடக்கத் தொடங்கியிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் மாஸ்டருக்குக் கைகொடுக்கப் போனேன், தட்டிவிட்டார். மண்வளையத்தின் விளிம்பில் செருப்பைக் கழற்றி, நுனி வெளியே பார்க்க, ஜோடியாக வைத்தார். உறைந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்று, கூடத்துக்குள் நுழையுமுன் செய்வதுபோல, அந்த மண்ணுக்கு இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.