தோளில் போட்ட புடவை

ஒரு பொருளை எடுத்துப் பார்த்துவிட்டு, விலை சரிப்படாமல் வைத்துவிட்டுப் போகிறவன் யாருக்காவது தீங்கு செய்தவனாகிறானா? புத்தூர் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த செங்கல்வராயனின் வாழ்க்கையை நினைத்தால் இந்தக் கேள்விதான் மிஞ்சுகிறது. அவரைத் தர்மவான் என்று சொல்ல முடியாது. கடன் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருவிழாவுக்கு நன்கொடை கேட்டு ஆள் வந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றார். அது நல்ல குணமா, வீம்பா என்று அவர் மனைவி தாட்சாயணிக்கே தெரியவில்லை.

அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் வீட்டில் முகூர்த்தப் புடவை பெண் வீட்டுச் செலவு. கடையில் எத்தனை புடவையை வேண்டுமானாலும் பிரிக்கச் சொல்லலாம், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். ஆனால் மனசுக்குப் பிடித்து, இதுதான் என்று முடிவான பிறகே பெண்ணின் தோளில் போட வேண்டும். அப்படிப் போட்டது அவளுடையது. இன்னொரு மணப்பெண்ணுக்கு அது ஆகாது. செங்கல்வராயன் கடையில் தோளில் போடுவது தாட்சாயணியின் வேலை. பெண்ணைக் கிழக்குமுகமாகப் பாயில் உட்கார்த்தி, புடவையை விரித்துப் போட்டு, எதிரில் கண்ணாடியைப் பிடிப்பாள்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, புத்தூரும் அதோடு போன சமயம், காஞ்சிபுரத்தில் நெய்கிறவர்கள் வீட்டிலேயே போய் வாங்கினால் விலை குறைவு என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. காஞ்சிபுரம் வேறு ராஜ்யமாகிவிட்டதே தவிர, ரயில் பழையபடி அரக்கோணம் போய்க்கொண்டுதான் இருந்தது. நிறம் பெண்ணுக்கு எடுப்பாக இருக்கிறதா என்று இங்கே போட்டுப் பார்த்துவிட்டு, அங்கே போய் வாங்க ஆரம்பித்தார்கள்.

நகரிப் பக்கத்து நாராயணசாமி அப்படிச் செய்வான் என்று தாட்சாயணி எதிர்பார்க்கவில்லை. தூரத்து உறவு. மகள் கமலம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"இன்னா மாமா, நீ சொல்ற வெலைக்கு ஒரு பசுமாடு வாங்கலாம் போலக்கீதே!"

"வாங்கேன். பசுமாட்டச் சுத்திக்கினு மணையில குந்துமா உம் பொண்ணு?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கமலம்மாவும் சிரித்தாள். மாங்காய்க் கரை போட்ட அரக்குப் புடவையைத் தொட்டு, "இதான் நைனா" என்றாள். நாராயணசாமி தலையாட்டினான். தாட்சாயணி தோளில் போட்டாள். அந்தப் பெண் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"வெள்ளிக்கெழம வந்து எடுத்துக்கினு போறேன் மாமா" என்று சொல்லிவிட்டு நாராயணசாமி எழுந்தான்.

அவன் வரவில்லை. கல்யாணத்தில் கமலம்மா அரக்குப் புடவையில்தான் மணையில் இருந்தாள். கரையில் மட்டும் மாங்காய் இல்லை, கிளி இருந்தது. தாட்சாயணியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தாட்சாயணி சொன்னாள்: "மடிச்சி வெச்சா யாருக்குத் தெரியப்போவுது? சத்தியவேட்டுப் பக்கத்துலேர்ந்து வர்றவங்களுக்குக் குடுத்துடலாம்."

"உனக்குத் தெரியும் இல்ல? நீதான போட்ட."

அரக்குப் புடவை கீழ் அடுக்குக்குப் போனது. அதற்கு முன்பும் அங்கே சில இருந்தன, பிறகும் சேர்ந்தன. எதிர்க்கடை நாகையா, "ஏமய்யா செங்கல்வராயா, புடவைக்கு வாய் இருக்கா? நேத்து யார் மேல இருந்தேன்னு போய்ச் சொல்லுமா?" என்று கேலி செய்தார். பணம் வாங்காமல் அவர் கடையில் தோளில் போட மாட்டார்கள். அதையாவது செய்யலாமே என்று தாட்சாயணி சொல்லிப் பார்த்தாள். "புடிச்சிருக்கான்னு பாக்கறதுக்கு முன்னாடி காசக் கேக்கச் சொல்றியா?" என்றார் செங்கல்வராயன். கீழ் அடுக்குப் புடவைகளைச் சாதாரணச் சேலை விலைக்கு, விஷயத்தைச் சொல்லியே விற்றார். கடையில் பாதியைப் பருப்பு வியாபாரிக்கு வாடகைக்கு விட வேண்டியதாயிற்று. அரக்குப் புடவையை அந்த விலைக்கும் யாரும் கேட்கவில்லை.

கமலம்மா முதல் பிரசவத்தில் இறந்துபோனாள்.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் மத்தியானம் நாராயணசாமி வந்தான். முகம் மழித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மாமா, அந்த அரக்குப் பொடவையக் குடுத்துடு. அன்னிக்கி நீ சொன்ன வெலையே குடுத்துடறேன்."

"இப்ப இன்னாத்துக்குடா அது?"

"அது அவளுதுதான? அவ தோள்ல போட்டத வுட்டுட்டுப் போனேன் மாமா. அதான் அவ போயிட்டா. நாந்தான் அனுப்பிட்டேன்."

தாட்சாயணி உள் கதவருகே நின்றிருந்தாள். செய்ததை இப்போதாவது உணரட்டும் என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. கணவர் குனிந்து கீழ் அடுக்கில் கைவைப்பார் என்று காத்திருந்தாள். அவர் குனியவில்லை.

"அது வித்துப்போச்சே நாராயணசாமி."

"வித்துப்போச்சா? கல்யாணத்துக்கா?"

"கல்யாணத்துக்குத்தான்."

"அந்தப் பொண்ணு... நல்லாக்கீதா மாமா?"

"நல்லாத்தான் கீது. பொடவைல இன்னாடா கீது? நீ ஒண்ணும் பண்ணல. தண்ணி குடி."

நாராயணசாமி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான். அப்புறம் தண்ணீர் குடித்தான். போகும்போது வந்தபோதிருந்த கூனல் சற்றுக் குறைந்திருந்தது. தாட்சாயணி நின்ற இடத்திலிருந்து, கீழ் அடுக்கில் அந்தப் புடவையின் மாங்காய்க் கரை தெரிந்துகொண்டிருந்தது. ஏன் பொய் சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அது புரிந்தது.

எல்லை பிரித்துத் திருத்தணிப் பக்கம் மதராஸோடு சேர்ந்த வருஷம், அவர்களுடைய ஒரே மகள் ரத்னம்மாவுக்குத் திருத்தணியில் வரன் அமைந்தது. நாராயணசாமிக்குச் செங்கல்வராயனே நேரில் போய்ப் பத்திரிகை வைத்துவிட்டு வந்தார். மேல் அடுக்கில் சிவப்புப் பட்டு ஒன்றை, யார் தோளும் படாததாகத் தாட்சாயணி எடுத்து வைத்திருந்தாள்.

புடவை பார்க்கிற அன்று ரத்னம்மா கிழக்குமுகமாகப் பாயில் உட்கார்ந்தாள். செங்கல்வராயன் மேல் அடுக்கை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், குனிந்து கீழ் அடுக்கில் கையை விட்டார். தாட்சாயணி ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. அது செத்துப்போன பொண்ணுது. நமக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு."

ரத்னம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் மனைவியின் கையை மெதுவாக விலக்கினார். ஏன் என்று தாட்சாயணி அன்றைக்கும் கேட்டாள், அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டாள். "பொடவைல இன்னா கீது?" என்றதற்கு மேல் சாகிறவரைக்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அரக்குப் புடவையை உதறி விரித்து மகளின் தோளில் தானே போட்டார். தாட்சாயணி நின்ற இடத்தைவிட்டு நகராததால், கண்ணாடியையும் அவரே எடுத்துப் பிடித்தார்.