ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே

திருவொற்றியூரில் வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் தண்ணீரைத்தான் குடித்துப் பார்ப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன். போர் தண்ணீரில் உப்பில்லை, எண்ணெய் வாடையில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். புது டைல்ஸ், புது பெயிண்ட், ஹாலில் விளக்கு பதித்த ஃபால்ஸ் சீலிங். எங்களுக்கு விற்றவன், பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பித்து விற்கிறவன். எங்கள் வீட்டையும் பக்கத்து வீட்டையும் ஒன்றாக வாங்கியிருந்தான். "அக்கா, என் சொந்த வூடு மாரி செஞ்சிகீறேன்" என்றான். நாசமாய்ப் போகிறவன்.

முதல் மழைக்காலத்திலேயே அந்த சீலிங் பிய்த்துக்கொண்டு, காரைக்கட்டியோடு என் கணவரின் தோள்மேல் விழுந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தார் மனுஷன். மேலே பார்த்தால், கடல் காற்றில் துருப்பிடித்து உப்பிய கம்பிகள். தளத்தைச் சரிசெய்யாமல் அட்டையை வைத்து மூடியிருக்கிறான் பாவி! துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தோள் அது. எலும்பு கூடியும் கை மேலே எழும்பவில்லை. வேலை போயிற்று.

போன் செய்தேன். "வாங்கசொல்லோ பாத்துத்தானக்கா வாங்கின?" என்றான். சிரித்தான் வேறு.

இவன் அந்தப் பக்கத்து வீட்டை எப்படி விற்கிறான் பார்க்கிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எங்கள் சீலிங் ஓட்டையை மூடவே விடவில்லை.

பக்கத்து வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் எப்படி என்று என்னிடம்தானே விசாரிக்க வேண்டும்? "உள்ள வந்து குடிச்சிப் பாருங்க, தேனாட்டம் இருக்கும்" என்று ஹால் ஓரத்தில் உட்கார வைத்துச் சொம்பை நீட்டுவேன். வாய் வைக்காமல் அண்ணாந்து குடிப்பார்கள். பாதித் தண்ணீரிலேயே கண் மேலே நிலைகுத்திவிடும். "அந்த வூடும் அதே ஆளு செஞ்சதுதான்" என்பேன். அதோடு சரி, திரும்பி வர மாட்டார்கள்.

ஒருநாள் வாசலில் வந்து கத்தினான். "என் பொயப்புல ஏன்க்கா மண்ண போடற?"

"தாகத்துக்குத் தண்ணி குட்த்தேன், அது ஒரு குத்தமாடா?"

அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது.

வீடு விற்கவில்லை. வேறு இடத்தில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல் மனைவி, கைக்குழந்தையோடு அவனே அங்கே குடிவந்தான். வந்த அன்றே அந்தப் பெண் தோளில் ஒரு பழைய புடவையோடு என் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, ஹால் கொக்கியில கொயந்திக்கு தூளி கட்டணும். ஸ்டூலு கீதா?"

பின்னால் குழந்தையோடு அவன் நின்றான். அவனே வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். அவன் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தக் கொக்கி தாங்குமான்னு உன் வூட்டுக்காரனக் கேளும்மா" என்றேன்.

அவள் சிரித்தபடிதான் திரும்பினாள். "தாங்குமாய்யா?"

அவன் தரையைப் பார்த்தான். அவள் சிரிப்பு நின்றுபோனது. குழந்தையை அவன் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.