நாலு மூலையில் ஒரு மூலை

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ராயபுரம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கும் வேலையில் இருந்தேன். இருபத்திரண்டு வயது, வயதுக்கு மிஞ்சிய தெனாவட்டு. குடல்வால் வீங்கினால் ரத்தத்தில் வெள்ளணு ஏறும். கட்டம் போட்ட கண்ணாடியில் ரத்தத்தை விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்து, நாலு மூலையிலும் உள்ள வெள்ளணுக்களை எண்ணிக் கணக்குப் போடவேண்டும்.

ஒரு மத்தியானம் மீனவர் ஒருவர் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். “ரெண்டு நாளா வவுத்து நோவுல துடிச்சினு கீறா சார், இன்னான்னு பாரு சார்.”

வாசலில் என் தோஸ்து, கால்பந்து மேட்சுக்குப் போக சைக்கிளோடு நின்றிருந்தான். நான் ஒரு மூலையை எண்ணி நாலால் பெருக்கினேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று எனக்கு நானே சமாதானம் வேறு. வெள்ளணு ஏறவில்லை என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

நல்லவேளை, பெரிய டாக்டர் சீட்டைவிடத் தன் கையை நம்பினார். வயிற்றைத் திறந்தபோது குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டாள். மறுநாள் டாக்டர் என் மேஜைக்கு வந்தார்.

“நாலு மூலையும் எண்ணினியாப்பா?”

“எண்ணினேன் சார்.”

“அப்போ இந்த அம்மாவுக்கு ஏறலை. சில பேருக்கு அப்படித்தான்.”

திட்டியிருந்தால் தேவலை. என் பொய்யைப் பாடமாக்கி, ரத்தச் சீட்டை நம்பாதீர்கள் என்று சின்ன டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இரண்டு மாதம் கழித்து, திருவொற்றியூரிலிருந்து வயிற்றுவலியோடு ஒரு பெண் வந்தாள். இந்த முறை நாலு மூலையையும் இருமுறை எண்ணினேன். வெள்ளணு ஏறவே இல்லை. சீட்டோடு ஓடினேன்.

“நீ சரியாத்தான் எண்ணியிருப்பே. ஆனா அந்த மீனவர் சம்சாரத்துக்கும் ஏறலையே?” என்றார் டாக்டர்.

அன்று நான் ஒரு மூலைதான் எண்ணினேன் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் ஒருநாள் பொறுத்துப் பார்த்திருப்பார். வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் உடனே அறுத்துப் பார்த்தால் குடல்வாலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அறுத்த புண் சீழ் பிடித்தது. மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்தாள்.

தினமும் அவளுக்கு ரத்தம் எடுக்கப் போனவன் நான்தான். ஒருநாள் அவளே விரலை நீட்டினாள்.

“நீ குத்துனா நோவவே இல்லண்ணே. ஆமா, எனக்கு இன்னாதாண்ணே வந்துது?”

ரத்தத்தை உறிஞ்சும் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்துக்கொண்டேன். பதில் சொல்லாமலிருக்க அது வசதியாக இருந்தது.