இன்ஃப்ளேமபிள் என்றால் எரியாது என்றார்கள்

யுத்த காலம். தாராவியில் பட்டாளத்துக்கு பூட்ஸ் தோல் பதனிடும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். மாட்டுங்காவிலிருந்து பஸ்ஸில் வருவேன். அந்த ஆபீசில் ஒரே பெண் நான்தான்.

சேர்ந்த முதல் வாரம், தோலுக்குப் பூசும் மெருகு பன்னிரண்டு டிரம்மில் வந்து இறங்கியது. ஒவ்வொன்றிலும் சிவப்பில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருந்தது. குடோனில் இடமில்லை. ஹெட் கிளார்க் ராமநாதய்யர், "பாய்லர் ஷெட்டுல அடுக்குங்கோ" என்றார்.

ஷெட்டில் பாய்லர் அடுப்பு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் விளக்கேற்றும் ஸ்பிரிட் பாட்டிலில் இதே வார்த்தையைப் பார்த்திருந்தேன்.

"சார், அது தீப்பிடிக்கிற சரக்கு."

"‘இன்’னு முன்னாடி வந்தா இல்லேன்னு அர்த்தம். இன்கரெக்ட்னா சரியில்லை. இன்கம்ப்ளீட்னா முழுசா இல்லை. இது எரியாத சரக்கு. நீ போய் டைப் அடி."

 இலக்கணம் எப்படியிருந்தாலும், அந்த ஸ்பிரிட் எரிந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். முற்றத்துக்கு ஓடினேன். மூன்று டிரம் ஏற்கெனவே ஷெட்டுக்குள் போயிருந்தது. நாலாவதை உருட்டி வந்த மேஸ்திரி காதர் பாயின் முன்னால் போய் நின்றேன்.

"என்னம்மா இது? ஐயர் எரியாதுங்காரு, நீங்க எரியுங்கிய. நான் யார் பேச்சைக் கேக்க?"

"யார் பேச்சையும் கேக்க வேண்டாம் பாய். கொஞ்சம் ஊத்திப் பத்த வச்சுப் பாருங்க. அதுவரைக்கும் நான் நகரமாட்டேன்."

"ஒங்க வேலை போயிரும் தாயி."

"போகட்டும்."

அவர் டிரம்மை அங்கேயே நிறுத்தினார். மூடியைத் திருகி, உடைந்த ஓட்டில் ஒரு கை அளவு பிடித்து, தூரத்துச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார். தீக்குச்சியைக் கிழித்து எறிந்தார். குபீரென்று தீ ஆளுயரத்துக்கு எழுந்தது.

சத்தம் கேட்டு ஐயர் வெளியே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் ஓடினார். மூன்றையும் வெளியே உருட்டினார். பிறகு என்னிடம் வந்து, "தெரியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலைம்மா" என்றார்.

மறுநாள் எல்லா டிரம்மிலும் தமிழிலும் இந்தியிலும் ‘தீப்பிடிக்கும்’ என்று எழுதினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக காதர் பாய் பக்கத்தில் ஒரு தீக்குச்சி வரைந்தார்.

அதன் பிறகு அந்தக் கம்பெனியில் நான் டைப் அடித்த எந்த எச்சரிக்கையையும், சரக்கைத் தூக்குகிறவர்களிடம் படித்துக்காட்டி, அவர்கள் வாயால் அர்த்தம் சொல்லக் கேட்காமல் ஒட்டியதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது அதுதான்.