கேமராவுக்கு நேர் கீழே

நாற்பத்தைந்து வயதில் இரண்டு வயதுப் பெண்ணுக்கு அப்பாவாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. கையில் குழந்தையோடு பேருந்தில் ஏறினால் இரண்டு காரணங்களுக்காக இடம் கொடுப்பார்கள். மந்தைவெளிக் குழந்தைகள் காப்பகத்தில் அவளைச் சேர்த்த அன்று ஆயா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "பாப்பாவ இட்டுக்கினு அவங்க தாத்தா வந்துகிறாரு பாரு." நான் திருத்தவில்லை. திருத்தினால் அடுத்த கேள்வி வரும்.

அதற்கு முன் மற்ற வழிகளையெல்லாம் பார்த்துவிட்டோம். ஏஜென்சி அனுப்பிய பெண்ணுக்கு எங்கள் மூன்றாவது மாடி ஒத்துவரவில்லை. மனைவியின் அடையாறு அலுவலகத்தில் குழந்தைகளுக்கென்றே ஓர் அறை இருந்தது. சுவரில் யானையும் முயலும், தரையில் உடைந்த நாற்காலிகளும். சொந்தக்காரர்களிடம் ஆலோசனை மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

"ஒரு மாசம் பாக்கலாம். அவளுக்கு ஒட்டலைன்னா நான் வேலையை விட்டுடறேன்" என்றாள் மனைவி. கட்டட வடிவமைப்பு வேலைக்கு அவள் அப்போதுதான் திரும்பியிருந்தாள். சாப்பிடும்போது மாடிப்படிகளைப் பற்றி மறுபடி பேச ஆரம்பித்திருந்தாள். விடுவதென்றால் ஏன் அவள் விட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அந்த யாரும் என்பதில் நானும் அடக்கம். பெண்ணுரிமை பற்றி என் அலமாரியில் ஒரு தட்டு நிறையப் புத்தகம் இருக்கிறது.

காப்பகத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கூடத்து வாசலுக்கு மேலே ஒரு சின்ன கேமராவை மாட்டி, பாஸ்வேர்டைப் பெற்றோர் எல்லோருக்கும் கொடுத்திருந்தார். போனில் அம்புக்குறியைத் தொட்டால் கேமரா அந்தப் பக்கம் திரும்பும். இதற்கெல்லாம் தனக்கு நேரமில்லை என்று மனைவி சொல்லிவிட்டாள். எனக்கு நேரம் இருந்தது. தி. நகர் அலுவலகத்தில் நான் மேஜைக்கடியில் போனை வைத்துக்கொண்டு குனிந்தே இருந்ததைப் பார்த்து, பக்கத்து இருக்கைக்காரர் ஸ்கோர் கேட்டார். ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றேன்.

உண்மையும் அதுதான். மற்ற குழந்தைகள் கட்டைகளை அடுக்கினார்கள், தள்ளினார்கள், ஒருவர் தலைமுடியை ஒருவர் இழுத்தார்கள். என் மகள் ஒரு நொடி தெரிவாள், அப்புறம் காணாமல் போவாள். இடப்பக்கம் திருப்பினால் செருப்பு அலமாரி. வலப்பக்கம் சுருட்டி வைத்த பாய்கள். கீழே, முடிந்தவரை கீழே, வெறும் தரை. மாலையில் மனைவி கேட்பாள். நல்லா விளையாடினா என்பேன்.

ஒரு நாள் எவ்வளவு திருப்பியும் அவள் கண்ணில் படவே இல்லை. பல் வலி என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினேன். மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளங்களைச் சுற்றிச் சுற்றிப் போனது ஆட்டோ. சீக்கிரம், சீக்கிரம் என்று நச்சரித்தேன். "ரோடே இல்ல, இன்னாத்துல சார் சீக்கிரம் போறது?" என்றார் ஓட்டுநர்.

ஆசிரியை என்னைக் கேட்டிலேயே நிறுத்தினார். "உள்ள வராதீங்க சார். உங்களைப் பாத்தா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்." பக்கவாட்டு ஜன்னலுக்கு அழைத்துப் போனார்.

மகள் கேமராவுக்கு நேர் கீழே நின்றிருந்தாள். அண்ணாந்து பார்த்து, கையிலிருந்த பாதி பிஸ்கட்டை அதற்கு நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அது திரும்பும்போது கிர்னு சத்தம் வரும். முதல் நாள் அழுதப்போ, அப்பா பாக்கறாரு பாருன்னு ஆயா காட்டிட்டாங்க. அதுலேர்ந்து சத்தம் கேட்டா எல்லாத்தையும் போட்டுட்டு இங்க வந்து நின்னுடறா. அது திரும்பிக்கிட்டே இருந்தா இவ நின்னுக்கிட்டே இருக்கா."

மற்ற பெற்றோர் திருப்புவதில்லையா என்று கேட்டேன்.

"அவங்கெல்லாம் ஒரு வாரத்தோட விட்டுட்டாங்க. வேலை இருக்குமில்ல?"

அலுவலகம் திரும்பினேன். இனி திருப்பக் கூடாது. பார்ப்பது வேறு, திருப்புவது வேறு என்று எனக்கு நானே சட்டம் வகுத்துக்கொண்டு, போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தேன். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

கேமரா திரும்பியது. இடப்பக்கம், செருப்பு அலமாரி. வலப்பக்கம், பாய்கள். பிறகு கீழே, முடிந்தவரை கீழே. அந்தத் தேடல் எனக்கு மனப்பாடம்.

படத்தை மூடாமலே இயர்போனை மாட்டிக்கொண்டு மனைவியை அழைத்தேன்.

"மீட்டிங்ல இருக்கேன்" என்றாள் தணிந்த குரலில். கேமரா நின்றது.

"கையை எடு. நேர் கீழதான் நிக்கறா. நாம திருப்பற வரைக்கும் நகர மாட்டா" என்று சொல்லி, ஆசிரியை சொன்னதையும் சொன்னேன்.

"நீங்க தினம் நல்லா விளையாடினான்னு சொல்றீங்க. என் கண்ணுக்கு ஒரு நாள்கூடத் தெரியல. எனக்காகச் சொல்றீங்கன்னு நெனச்சேன். வேலையை விடறேன்னு இன்னிக்கு சாயங்காலம் பாஸ்கிட்ட சொல்லிடறதா இருந்தேன்."

போனை வைக்காமல் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். படத்தின் கீழ் விளிம்பில் ஒரு குடுமி முளைத்தது. பிறகு தோள், முதுகு. மெதுவாக நடந்து கட்டைகள் இருந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். பக்கத்துப் பையனிடமிருந்து ஒன்றைப் பிடுங்கினாள். திரும்பியே பார்க்கவில்லை.

"பிடுங்கறா" என்றாள் மனைவி. அந்தச் சொல்லை யாரும் அவ்வளவு நிம்மதியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "இப்போ நிஜமாவே மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு வேலை ஓடவில்லை. மகளின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. சிரிக்கிறாளா என்று பார்க்க, கேமராவை ஒரு துளி இடப்பக்கம் திருப்பினால் போதும். கைகள் தொடைக்கடியில் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.