எண்ணெய் சுவிட்சு விழுந்த நாட்கள்

மனைவி இறந்த மறு வருஷம் எனக்கு வில்லியனூர்ப் பக்கம் மின்சாரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலம். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒற்றை அறை. அங்கேதான் வேலை, அங்கேதான் படுக்கை. கதவில் அபாயக் குறியாக மண்டையோடு வரைந்திருந்ததால் ஆடு மேய்ப்பவர்கள்கூட ஒதுங்கிப் போவார்கள். சில நாள் சாயங்காலம்தான், காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது நினைவுக்கு வரும்.

அறைக்குள் ஓர் இரும்புத் தொட்டி, அது நிறைய எண்ணெய். அதை எண்ணெய் சுவிட்சு என்போம். கம்பிக்குப் போகும் மின்சாரம் முதலில் ஒரு செம்புச் சுருள் வழியாகப் போகும். அளவோடு போனால் ஒன்றுமில்லை. எங்காவது கம்பி அறுந்து ஈர மண்ணில் விழுந்தால் மின்சாரம் வெள்ளமாய்ப் பாயும். சுருள் காந்தமாகிப் பக்கத்து இரும்பை இழுக்கும். அது கொக்கியைத் தட்டிவிடும். இறுக்கி வைத்த ஸ்பிரிங் விடுபட்டு, எண்ணெய்க்குள் சேர்ந்திருக்கும் செம்பு முனைகளைப் பிரித்துவிடும். பிரியும்போது கிளம்பும் தீப்பொறியை எண்ணெய் அணைத்துவிடும். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள், 'டப்'பென்ற ஒரு சத்தத்தோடு முடிந்துவிடும். இதைத்தான் சுவிட்சு விழுந்தது என்போம்.

அந்தச் சத்தத்துக்காக நான் காத்திருந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். சுவிட்சு விழுந்தால், கம்பி வழியே நடந்துபோய்ப் பார்த்த பிறகுதான் அதன் கைப்பிடியை மறுபடி தூக்கவேண்டும் என்பது விதி. வழியில் நாலு பேரிடம் பேசலாம்.

ஆடிக் காற்றில் ஒரு நாள் மத்தியானம் விழுந்தது. கைப்பிடியைப் பூட்டிவிட்டு நடந்தேன். ஒரு கரும்பு வயலில் பனைமட்டை விழுந்து கம்பி அறுந்து கிடந்தது. அதற்குப் பக்கத்திலேயே என் வயதுக்காரர் ஒருவர் மண்வெட்டியை அணைத்தபடி சேற்றில் உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திருக்க பயமா கீதுபா," என்றார். "கால வெக்கலாமா?"

"வெக்கலாம். சுவிட்சு விழுந்துடுச்சு. இப்ப அது வெறுங்கம்பி."

"யாரு தள்ளுனது?"

"யாரும் தள்ளல. தானா விழும்."

கைகொடுத்துத் தூக்கினேன். வரப்பில் உட்காரவைத்து, சுருள், கொக்கி, எண்ணெய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் கூழ் கொடுத்தார். அவருக்கும் வீட்டில் ஆள் இல்லை.

அதற்குப் பிறகு பனைமட்டைகளை வெட்டினார்கள், கம்பங்களை உயர்த்தினார்கள். சுவிட்சு விழுவதே நின்றுபோனது. நான் போகாவிட்டாலும் அவர் வந்தார். மண்டையோட்டுக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து மழையைப் பற்றி, மாட்டைப் பற்றிப் பேசுவார்.

கரும்பு வெட்டு முடிந்தபின் வரவில்லை. போய்ப் பார்த்தேன். கொட்டகை மூடியிருந்தது. பக்கத்து வயலில் களை எடுத்த பெண், "கண்ணு தெரியலன்னு தம்பிக்காரன் கரையாம்புத்தூருக்கு இட்டுனு போயிட்டான்," என்றாள்.

லீவு கேட்டு வாங்கிக்கொண்டு கரையாம்புத்தூர் போனேன். குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார். ரொம்ப நேரம் என் கையை விடவில்லை. தம்பி வீட்டில் சாப்பாடு போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் கிளம்பினேன்.

சீக்கிரமே என்னை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே என்னுடன் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அவ்வளவு நாள் தனியாகவே இருந்துவிட்டதால், அவர்களோடு பேசப் பழகவே எனக்குப் பல மாதம் ஆனது.