ஆப்பில் என் மகள் குரல்

இன்று மதியம் டோல்கேட்டில் இருக்கும் என் மீன் வறுவல் கடைக்கு, மகள் ரேவதியோடு படித்த பிள்ளைகள் வந்தார்கள். சாப்பாடு ஆர்டர் செய்கிற ஆப் ஒன்றைக் கல்லூரிக்காகச் செய்கிறார்கள். ரேவதி ஆரம்பித்த வேலை அது. காய்ச்சலில் அவள் செத்துப்போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை.

"ஆண்ட்டி, நாங்க ஒரு ஆர்டர் போடுறோம். நீங்க பச்சை பட்டன அமுக்குங்க, வீடியோ எடுத்துக்குறோம்."

போனிலிருந்து ரேவதி பேசினாள். "யம்மா, ஆர்டர் வந்துகீது பாரு!"

நான் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்று அவளே பேசி வைத்தது. மீன் கருகுவதுகூட எனக்குத் தெரியவில்லை.

திரையின் அடியில் ஆப் செய்தவர்கள் பேர் இருந்தது. மெதுவாகப் படித்தேன். அவள் பேர் இல்லை.

"எம்பொண்ணு பேரு இன்னா ஆச்சுப்பா?"

"டீமுக்கு நாலு பேர்தான் ஆண்ட்டி. அவ இடத்துல வேற ஆள சேத்துட்டோம்."

"அவ கொரலு வோணும், பேரு வோணாமா? இன்னா நாயம் நைனா இது?"

ஆர்டர் வேண்டாம் என்கிற சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டேன். வீடியோ கெட்டுப்போச்சு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள்.

படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள். செத்தவள் செய்த வேலைக்கு மார்க் வாங்கலாம், அவள் பேரை மட்டும் போடக்கூடாது. இது எந்தப் பாடத்தில் வருகிறது?